காரோட்டுச் சொற்களுக்கு ஒரு பெட்டிக்கடை

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கி நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து வருவோர், கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடத்தைக் கண்ணால் கண்டு சொல்லுதல் அரிது. தென்னையும் வாழையும் மரச்சீனித் தோட்டமும் இருபுறத்தும் ஒன்றுபோலவே நிற்கின்றன. கடைப் பலகைகளின் எழுத்து மாறுவது கொண்டுதான் எல்லை கடந்தோம் என்பதை உணர்கிறோம். அவ்வெல்லையை ஒட்டிய சிற்றூர்களுள் ஒன்று காரோடு. இத்திங்களிதழைப் படிக்கும் குடும்பங்களுள் பலவற்றிற்கு அதுவோ அதன் அண்டை ஊரோ பிறந்தகமாகும்.

இன்று காரோட்டின் பெயர் ஒரு நெடுஞ்சாலையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலையின் தென்முனை இவ்வூர். வடமுனையில், 1990ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தொழில்நுட்பப் பூங்கா வானளாவிய கட்டடங்களோடு நிற்கிறது. அங்கே ஆயிரக்கணக்கானோர் கணினி நிரல் எழுதிப் பிழைக்கின்றனர். சாலையின் இம்முனையில் அத்தகைய கட்டடம் ஒன்றும் இல்லை. எனினும் இம்முனையிலுள்ளோரும் தமக்கு வேண்டிய சிறு நிரல் ஒன்றைத் தாமே எழுதிக்கொள்ளலாம் என்பதைக் கூறவே இக்கட்டுரையைத் தொடங்கினோம்.

பாட்டி சிரிக்கவில்லை

சென்ற விடுமுறையில் நாம் ஊரில் இருந்தபோது நிகழ்ந்தது இது. சார்ஜாவிலிருக்கும் பேத்தி தொலைபேசித் திரையில் தோன்றினாள். விளையாடி மூச்சிரைக்க வந்து நின்றவளைக் கண்டு, பாட்டி, “கொஞ்சம் வெள்ளம் குடிச்சிட்டு வா மக்களே” என்றார். குழந்தை திடுக்கிட்டாள். “வெள்ளமா? அங்கே வெள்ளம் வந்திருக்கா பாட்டி?” என்று கேட்டாள். அவள் அங்குள்ள தமிழ் வகுப்பில் படிப்பவள். அவளுடைய பாடநூலில் வெள்ளம் என்றால் கரையை உடைத்துவரும் பெருநீர். பாட்டியின் வாயிலோ அது குடிக்கும் நீர். வீட்டிலிருந்தோர் அனைவரும் சிரித்தோம். பாட்டி சிரிக்கவில்லை. “நான் சொல்லுதது பிள்ளைக்கு மனசிலாகல்ல” என்று கூறி எழுந்து உள்ளே சென்றுவிட்டார்.

அச்சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பெற்றபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அது முதல், காரோட்டில் தங்கிய அண்ணனின் பிள்ளைகள் மலையாள எழுத்தையும், களியக்காவிளைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கையின் பிள்ளைகள் தமிழெழுத்தையும் கற்று வளர்வது வழக்கமாயிற்று. வாய்ச்சொல் ஒன்றே. ஆயினும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாது. இப்போது அவர்களின் பேரப்பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் சென்னையிலும் பெங்களூரிலும் வளர்கின்றனர். அவர்களுக்கு எழுத்து மட்டுமன்றி வாய்ச்சொல்லும் நழுவுகிறது.

பலாவைச் சக்கை என்கிறோம். முந்திரிக் கனியைக் கொல்லாம்பழம் என்கிறோம். நேந்திரன் வாழையை ஏத்தன் என்கிறோம். பிற இடத்தார் பதநீர் என்பதை நாம் அக்கானி என்போம். அதைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுத்த வீடுகள் எல்லையின் இருபுறத்தும் நிறைந்திருந்தன. பனையேறுவோர் அருகிய இந்நாளில், அத்தொழிலின் கருவிகளுக்கும் பருவங்களுக்கும் வழங்கிய சொற்களை அறிந்தோர் முதியவர்களே. அவர்கள் மறைந்தால் அச்சொற்களும் மறையும்.

ஆகவே, ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பாட்டியின் அருகில் அமர்ந்தோம். மாலைதோறும் அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். அண்டை வீட்டு முதியோரும் வந்து சேர்ந்தனர். நாற்பது பக்கக் குறிப்பேடு விடுமுறை முடியுமுன் நிறைந்தது.

குறிப்பேட்டிலிருந்து திரைக்கு

குறிப்பேடு ஒன்று, அதைக் காண விரும்பும் குடும்பங்களோ ஐந்து நாடுகளில். இணையத்தில் இடுவதே வழி என்று உறவினர் கூறினர். ஆயத்தமாகக் கிடைத்த ஒரு படிவத்தில் எழுதத் தொடங்கினோம். முதற்சொல்லிலேயே தடை வந்தது. ‘மொழி’ என்னும் கட்டத்தை நிரப்பினாலன்றி அது மேலே செல்லவிடவில்லை. தமிழ், மலையாளம் என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். வெள்ளம் எம்மொழிச் சொல்?

உறவினரிடையே வாதம் மூண்டது. “அது மலையாளம். தமிழ்ப் பட்டியலில் அதற்கு இடமில்லை” என்றார் ஒருவர். “பாட்டி தமிழ்ப்பெண். அவர் வாயில் வருவது தமிழன்றி வேறு யாது?” என்றார் மற்றொருவர். ஒரு வாரம் வாதம் நடந்தது. ஒரு சொல்லும் ஏறவில்லை. வாதத்தில் வெல்வதை விட அக்கட்டத்தையே நீக்குவது நலம் என்று நமக்குத் தோன்றியது. பிறர் செய்த படிவத்தில் கட்டத்தை நீக்க நமக்கு உரிமையில்லை. நாமே செய்ததாயின் உரிமையுண்டு. அங்ஙனமே நாம் நிரல் எழுதப் புகுந்தோம்.

இதில் நமக்கு முன்னோடிகள் உளர். கேரளத்தில் 2010ஆம் ஆண்டில் கைலாஷ் நாத் என்பவர் ‘ஓளம்’ என்னும் ஆங்கில–மலையாள அகராதியை இணையத்தில் தொடங்கினார். கே. ஜே. ஜோசப் என்பவர் தனியொருவராகப் பாடுபட்டுக் கணினியில் ஏற்றிய மலையாள–மலையாளச் சொற்தொகுதி, 2013ஆம் ஆண்டில் யாவரும் எடுத்துப் பயன்கொள்ளுமாறு வெளியிடப்பெற்றது. ‘டத்தோ’ என்பது அவருடைய பட்டமாதலின் அத்தொகுதிக்கும் அப்பெயரே இடப்பட்டது. அதில் 83,000க்கு மேற்பட்ட சொற்களும் 1,06,000க்கு மேற்பட்ட பொருள்விளக்கங்களும் உள்ளன. கன்னடத்தில் வி. கிருஷ்ணா என்பவர் பல பத்தாண்டுகள் உழைத்துத் தொகுத்த ‘அலர்’ என்னும் கன்னட–ஆங்கில அகராதியும் 2019ஆம் ஆண்டில் இவ்வாறே இணையமேறியது. இவ்வகராதிகளை இயக்குவதற்கென்று கைலாஷ் நாத் எழுதிய ‘டிக்ட்பிரஸ்’ என்னும் நிரல், கோ என்னும் நிரல்மொழியில் ஆனது. பெருங்கூட்டமும் பெரும்பொருளும் இன்றி, ஒருவரின் பொறுமையும் ஒரு சிறு நிரலுமே இத்துணைப் பணியைச் செய்தன என்பதைக் கருதுக.

அந்நிரலையே நாமும் கொள்ளலாகாதோ எனின், அது முழு அகராதிக்கென அமைந்தது. அதில் ஒவ்வொரு சொல்லும் இன்ன மொழியினது என்று குறிக்கப்பெறும். அகராதிக்கு அது முறையே. நம் குறிப்பேட்டுக்கோ அதுவே இடர். அவர்கள் கட்டியது வீடு. நமக்கு வேண்டியது பெட்டிக்கடை.

பெட்டிக்கடை நடக்கும் முறை

இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது நிகழ்வது யாது? ஒரு கடையில் நிகழ்வதே நிகழ்கிறது. வாங்க வருபவர் ஒரு சீட்டில், “எனக்கு இன்னது வேண்டும்” என்று எழுதி நீட்டுகிறார். கடைக்காரர் அதைப் படித்து, பொருளை எடுத்து, பொட்டலமாகக் கட்டி, அதன்மேல் வகையும் அளவும் எழுதிக் கொடுக்கிறார். சீட்டு நீட்டுவது நம் தொலைபேசியிலுள்ள உலாவி. பொட்டலம் கட்டுவது வழங்கி. சீட்டையும் பொட்டலத்தையும் எழுதவேண்டிய முறையே எச்.டி.டி.பி. எனப்படும் நெறிமுறை.

ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த இந்நெறிமுறையின் 1991ஆம் ஆண்டு வடிவம் மிக எளியது. சீட்டு ஒரே வரி. பொட்டலத்தின்மேல் குறிப்பு ஏதும் இல்லை. பின்னர் 1996, 1997ஆம் ஆண்டுகளில் வந்த வடிவங்கள், குறிப்புகளுக்கும் விடையெண்களுக்கும் இடம் வகுத்தன. 200 என்றால் பொருள் கிடைத்தது. 404 என்றால் அப்படியொரு பொருள் இங்கில்லை. 500 என்றால் கடைக்காரரே தடுமாறினார். நீங்கள் திரையில் கண்டிருக்கும் 404 என்னும் எண் இதுவே.

வழங்கிகளுள் 1995ஆம் ஆண்டில் தோன்றிய அப்பாச்சியும், 2004ஆம் ஆண்டில் வெளிவந்த என்ஜின்எக்சும் பேரங்காடிகள் போல்வன. அவை பல்லாயிரம் பேர்க்கு ஒருங்கே ஈடுகொடுக்கும். இருபது முப்பது உறவினர்க்கு அவை வேண்டா. சீட்டைப் படிப்பதும் பொட்டலம் கட்டுவதுமாகிய வேலையை மட்டும் செய்து, மற்றவற்றை நமக்கே விட்டுவிடும் சிறு நிரல்நூலகங்கள் உள. பைத்தான் மொழியில் அத்தகையன இரண்டு பெயர்பெற்றவை. 2010ஆம் ஆண்டில் அர்மின் ரொனாகர் வெளியிட்ட ‘ஃபிளாஸ்க்’ ஒன்று. அதற்கு ஓராண்டு முன்னர் மார்செல் ஹெல்காம்ப் வெளியிட்ட ‘பாட்டில்’ மற்றொன்று. இரண்டும் கலங்களின் பெயர்களாய் இருத்தல் காண்க. பனையேறுவார் இடுப்பில் கட்டிச் சென்ற கலயம் போலச் சிறியன ஆதலின் பெயரும் பொருந்துகிறது.

நாம் பாட்டிலைத் தெரிந்தெடுத்தோம். அஃது ஒரே கோப்பாலானது. பைத்தானோடு வருவனவற்றையன்றி வேறொன்றையும் அது வேண்டுவதில்லை. கோப்பைப் படியெடுத்து நம் நிரலுக்கு அருகில் வைத்தால் போதும். சொற்களைச் சேமிக்க எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளத்தைக் கொண்டோம். ரிச்சர்டு ஹிப் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இது, அட்டவணைகள் அனைத்தையும் ஒரே கோப்பில் அடக்குவது. இதனோடு உரையாடும் கருவியும் பைத்தானுடனேயே வருகிறது.

நம் கடைக்கு மூன்று வாயில்கள் வைத்தோம். முதலாவது முகப்பு, அதில் தேடற்கட்டம் ஒன்று. இரண்டாவது, ஒரு சொல்லைக் கேட்டால் அதன் பொருளையும் வழங்கும் ஊரையும் காட்டுவது. மூன்றாவது, புதுச்சொல்லைச் சேர்ப்பது. இன்ன முகவரிக்குச் சீட்டு வந்தால் இன்ன செயற்கூறு விடையளிக்கவேண்டும் என்று ஒவ்வொரு செயற்கூற்றின் தலையிலும் ஒரு வரி எழுதினால், எஞ்சியதை நூலகம் பார்த்துக்கொள்ளும். கேட்டுப் பெறும் சீட்டு ஒருவகை. பொருளைக் கொண்டுவந்து ஒப்படைக்கும் சீட்டு மற்றொருவகை. சேர்க்கும் வாயிலுக்கு இரண்டாம் வகையையே வைக்கவேண்டும். பார்க்க வந்தவர் கைபட்டு ஏதும் மாறிவிடலாகாது அன்றோ? இவையனைத்தும் நாற்பது வரிகளில் அடங்கின.

நான்கா, ஏழா, இருபத்தொன்றா?

நூலகத்தின் அருமை அதை விட்டு நடந்தபோதுதான் நமக்குப் புலனாயிற்று. ஆர்வமிகுதியால் முதலில் பொட்டலம் கட்டும் வேலையையும் நாமே செய்ய முயன்றோம். பொட்டலத்தின்மேல் அதன் நீளத்தை எழுதவேண்டும். ‘அக்கானி’ என்னும் சொல்லை அனுப்பி, நீளம் 7 என்று எழுதினோம். தொலைபேசியில் ‘அக’ என்று மட்டும் வந்து, அதன்பின் ஓர் உடைந்த குறி நின்றது.

அக்கானி என்பதில் நம் இலக்கணப்படி எழுத்துகள் நான்கு: அ, க், கா, னி. கணினியோ அதை அகரம், ககரம், புள்ளி, ககரம், கால், னகரம், இகரக் கொம்பு என்று ஏழு குறிகளாகக் கொள்கிறது. நாம் எழுதிய 7 இதுவே. இணையத்தில் செல்லும்போதோ, யு.டி.எஃப்.-8 என்னும் முறைப்படி ஒவ்வொரு தமிழ்க்குறியும் மூன்று பைட்டுகளாகிறது. ஆக மொத்தம் 21. நாம் 7 என்று எழுதியதால், உலாவி ஏழு பைட்டுகளைப் பெற்று, இரண்டு குறிகளையும் மூன்றாவதில் மூன்றிலொரு பங்கையும் காட்டி நின்றது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டே ஆதலின், ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்போர்க்கு இப்பிழை தென்படுவதேயில்லை. வேலையை நூலகத்திடம் விட்டபின் அதுவே பைட்டுகளை எண்ணிச் சரியாக எழுதியது. நிரல் எழுதப் புகும் இளைஞர்கள் முதலிலேயே தமிழ்ச்சொல்லை இட்டுச் சோதிப்பார்களாக.

மற்றொரு தடையும் நேர்ந்தது. படிவத்தில் எழுதிய தமிழ்ச்சொல் ஒவ்வொரு குறிக்கும் மூன்று விளங்காத அயற்குறிகளாக மாறிச் சேமிக்கப்பட்டது. பைத்தான் வழங்கிகளுக்குரிய பொதுமுறையில், வந்த பைட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்தாகவே முதலில் கொள்ளப்படும். அவற்றை ஒருங்குகூட்டித் தமிழாகப் படி என்று நூலகத்திடம் தனியே சொல்லவேண்டும். அதற்கான சொல் நூலகத்தின் கையேட்டில் தெளிவாகவே இருந்தது. நாம் படியாததே குறை.

384 என்னும் எல்லை

இனி, அண்ணன் பிள்ளைகளுக்கும் தங்கை பிள்ளைகளுக்கும் ஒரே பக்கத்தை எவ்வாறு காட்டுவது? இங்கே நாம் கண்ட ஒரு செய்தி வியப்பளித்தது. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் வகுத்த ஒருங்குறியில் தமிழ்க் ககரத்தின் எண் 2965. மலையாளக் ககரத்தின் எண் 3349. வேறுபாடு 384. தமிழ் ழகரத்திற்கும் மலையாள ழகரத்திற்கும் வேறுபாடு அதுவே. றகரத்திற்கும், காலுக்கும், கொம்பிற்கும் அதுவே. இந்திய எழுத்துகளையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்திய முந்தைய இந்தியத் தரமுறையான இஸ்கியை ஒருங்குறி பின்பற்றியதால் அமைந்த ஒழுங்கு இது. பைட்டுகளாகப் பார்ப்பின், தமிழ்க் ககரம் 224, 174, 149. மலையாளக் ககரம் 224, 180, 149. முதலும் முடிவும் ஒன்று. நடுவில் நிற்கும் எண் மட்டும் வேறு.

அப்படியாயின் ஒவ்வோர் எழுத்தோடும் 384ஐக் கூட்டினால் தமிழெழுத்து மலையாளமாகிவிடுமன்றோ? ஒரே வரியில் அதைச் செய்து பார்த்தோம். பெரும்பாலும் வந்தது, ஆனால் மூன்று இடங்களில் இடறியது. அக்கானியிலுள்ள னகரம், மலையாளிகள் வழக்கில் எழுதாத ஓர் எழுத்தில் போய் விழுந்தது. அவர்கள் அங்கே நகரத்தின் வடிவையே எழுதுவர். வெள்ளத்தின் ஈற்றிலுள்ள மகர ஒற்று, அவர்கள் இடும் சிறு வட்டமாக மாறவில்லை. சக்கை என்பது ஐகாரத்தோடே சென்றது. அவர்களோ சக்க என்று அகரத்தில் முடிப்பர். முதலிரண்டையும் நிரலில் விதியாக எழுதித் திருத்தினோம். மூன்றாவதை விதியால் திருத்த இயலாது. அது ஒலியின் வேறுபாடு. ஆகவே மலையாள எழுத்து வடிவுக்கென்று ஒரு கட்டம் வைத்து, பொறி தருவதை முதலில் அதில் நிரப்பி, ஊரார் திருத்துமாறு விட்டோம். எண்ணைக் கூட்டினால் எழுத்துதான் எல்லை கடக்கிறது. சொல் கடக்க வேண்டுமாயின் மனிதர் வாய் வேண்டும்.

கதவும் தாழும்

கடை திறந்தால் கதவையும் தாழையும் பற்றி எண்ணவேண்டும். வாங்குபவரின் சீட்டில் எழுதியிருப்பதைக் கடைக்காரர் தம் முதலாளியின் கட்டளையாகக் கொள்ளலாகாது. தேடற்கட்டத்தில் ஒருவர் சொல்லுக்குப் பதிலாகத் தரவுத்தளத்துக்கு உரிய கட்டளையை எழுதிவிட்டால், அதைச் சொல்லோடு ஒட்டி அனுப்பும் நிரல் தன் பட்டியலைத் தானே அழிக்கவும் கூடும். ஆதலின் கட்டளையில் ஒரு வினாக்குறியை இட்டு, சொல்லைத் தனியே கொடுக்கவேண்டும். அப்போது அது சொல்லாகவே கருதப்படும். அவ்வாறே பிறர் எழுதியதைப் பக்கத்தில் காட்டும்போது, அதிலுள்ள சிறப்புக் குறிகள் செயல்படாதவாறு மாற்றிக் காட்டவேண்டும். பாட்டிலின் வார்ப்புரு இதைத் தானே செய்கிறது.

நிரலை முதலில் வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியில் ஓடவிட்டோம். அதே கணினியில் பக்கம் திறந்தது. அடுத்த அறைத் தொலைபேசியில் திறக்கவில்லை. காரணம், 127.0.0.1 என்னும் முகவரியில் கேட்கும் வழங்கி தன் வீட்டாரின் குரலுக்கு மட்டுமே செவிசாய்க்கும். 0.0.0.0 என்று மாற்றியபின் வீட்டு வைஃபையிலிருந்த தொலைபேசிகள் அனைத்திலும் பக்கம் திறந்தது. இதற்கு இணைய இணைப்பும் வேண்டியதில்லை. இணைப்பு அறுந்த மழைநாளிலும் பாட்டியின் சொற்பட்டியல் வீட்டுக்குள் ஓடியது.

வெளிநாட்டு உறவினர்க்காகச் சிறு வாடகை வழங்கி ஒன்றில் பின்னர் ஏற்றினோம். அங்கே மூன்று கடமைகள். நூலகத்தோடு வரும் சோதனை வழங்கி ஒரு நேரத்தில் ஒரு சீட்டையே கவனிக்கும். ஆகையால் பலரை ஒருங்கே கவனிக்கும் வேறொரு வழங்கியைப் பொருத்தவேண்டும். நிரலில் அதற்கு மாற்றவேண்டியது ஒரே வரி. அடுத்து, செய்தி மறைகுறியாகச் செல்லுதற்கு வேண்டிய சான்றிதழைப் பெறவேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு 2015ஆம் ஆண்டிலிருந்து இதனை விலையின்றி வழங்கிவருகிறது. மூன்றாவது, சொல்சேர்க்கும் வாயிலுக்குக் கடவுச்சொல் வைக்கவேண்டும். பட்டியல் முழுதும் ஒரே கோப்பு ஆதலின், எவரும் எழுதாத வேளையில் திங்கள்தோறும் அதைப் படியெடுத்து இரண்டு வீடுகளில் வைக்கிறோம்.

இல்லாத கட்டம்

நம் அட்டவணையில் இப்போது ஆறு கட்டங்கள் உள்ளன: சொல், மலையாள எழுத்தில் அதன் வடிவம், பொருள், வழங்கும் ஊர், சொன்னவரின் அகவை, அவர் வாயில் வந்த ஒரு தொடர். முதியோரின் பெயரை எழுதுவதில்லை. மொழி என்னும் கட்டம் இல்லை. அதைக் கேட்பார்க்கு, “சொன்ன ஊரும் சொன்னவர் அகவையும் உள்ளன. மொழியை அறிஞர் ஆராய்ந்து கொள்க” என்கிறோம். வாதித்த இருவரும் இப்போது சொல் சேர்த்து வருகின்றனர். ஒருவர் தமிழ் என்றும் மற்றவர் மலையாளம் என்றும் எண்ணிக்கொண்டே ஒரே சொல்லைச் சேர்க்கின்றனர். அதனால் சொல்லுக்குக் கேடில்லை.

பெரிய நிறுவனங்கள் செய்து தரும் ஆயத்தப் படிவங்கள் பயனற்றவை என்று நாம் கூற வரவில்லை. அவை பெரும்பான்மையோர்க்காகச் செய்யப்படுவன. பெரும்பான்மையோர் எல்லையில் வாழ்வதில்லை. எல்லையில் வாழ்வோரின் தேவை எப்போதும் சிறிது. அச்சிறு தேவைக்குச் சிறு கருவியே பொருந்தும். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பதன்றோ நம் முதுமொழி?

நிரல் எழுத நமக்கு ஆன காலம் பத்து நாள். சொல் சேர்க்கும் வேலையோ முடிவதாயில்லை. அதிலும் பெரும்பகுதி பிந்திவிட்டது. பனைத்தொழிற் சொற்களைக் கேட்கலாம் என்று நாம் குறித்து வைத்திருந்த முதியவர் ஒருவர், நாம் அவர் வீட்டிற்குச் செல்லுமுன்னரே காலமானார். நிரலை அடுத்த ஆண்டும் எழுதலாம். அவரிடம் கேட்டிருக்க வேண்டியதை இனி எவரிடம் கேட்பது?

ஆகவே, அன்பர்களே, அயலூரில் வாழும் உங்களை ஒன்று வேண்டுகிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசும்போது, நலம் கேட்டபின், ஒரே ஒரு சொல்லைக் கேளுங்கள். அதைப் பாட்டியோ தாத்தாவோ சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், திருத்த வேண்டா. கணினி கற்கும் பிள்ளை வீட்டிலிருந்தால், அதைத் திரையில் காட்டும் நாற்பது வரிகளை அப்பிள்ளையே எழுதட்டும்.

சார்ஜாப் பேத்தி இப்போது அப்பக்கத்தைத் திறக்கிறாள். வெள்ளம் என்று தேடினால், ‘குடிக்கும் நீர், காரோடு, அகவை 78’ என்று வருகிறது. அதன்கீழ்ப் பாட்டி சொன்ன தொடரும் நிற்கிறது. சென்ற வாரம் தொலைபேசியில் அவள் ஒரு குவளையைத் தூக்கிக் காட்டி, “வெள்ளம் குடிச்சாச்சு பாட்டி” என்றாள். இம்முறை பாட்டி சிரித்தார்.